படத்தில் இல்லாததை எழுது

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு கேள்வி வரும். 5 மதிப்பெண். கேள்வியோடு ஒரு சின்னப் படம் இருக்கும். பள்ளியில் நடத்தும் மாதிரித் தேர்வின் ஒளிநகலில் அது கரிப்பூச்சாக வந்திருக்கும். நிற்பது மரமா மனிதரா என்றே தெரியாது. தெரியாவிட்டாலும் குறைவில்லை. இயற்கைக்கு ஆறு வரி, உழவுக்கு ஆறு வரி, தாய்மைக்கு ஆறு வரி என்று எதுகை மோனையோடு மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். ஏதாவது ஒன்று பொருந்திவிடும். படத்தைப் பார்க்காமலே படத்தைப் பற்றி எழுதப் பழக்கியிருக்கிறோம். பல ஆண்டுகளாகத் தமிழ் நடத்தும் நானும் இதற்கு உடந்தை.

அதனால்தான் மாணவர்களை இன்ஸ்டாகிராமில் கதை சொல்ல வைக்கலாம் என்ற யோசனை எனக்கு உடனே பிடித்துப்போனது. ஒன்பதாம் வகுப்புக்கென ஒரு கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லை என்னிடம் வைத்துக்கொண்டேன். ஓராண்டு நடத்தினேன். அதில் எது பலித்தது, எது கெட்டது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பலித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010 அக்டோபரில் வந்த இன்ஸ்டாகிராம் ஐந்தாண்டுக் காலம் சதுரப் படம் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. 2017இல் ஒரே பதிவில் 10 படங்களை அடுக்கும் வசதி வந்தது. 2024இல் அது 20 ஆனது. படத்தின் கீழே 2,200 எழுத்துகள்வரை எழுதலாம். ஆனால் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது ஓரிரு வரிதான். மிச்சத்தைப் படிக்க விரலால் தொட வேண்டும். கதை எழுதச் சொல்லித் தரும் ஒருவர் இதைவிட நல்ல கட்டுப்பாடுகளை உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது. எந்தப் படத்தை விடுவது, எதை முன்னால் வைப்பது, தொட்டுப் படிக்க வைக்கும் முதல் வரி எது என்ற மூன்று கேள்விகளுக்கும் கட்டுரை நோட்டில் இடமே இருந்ததில்லை. இப்போது அவற்றுக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். தாத்தாவின் காலியான நாற்காலிப் படம் முதலில் வர வேண்டுமா, கடைசியிலா என்று ஒரு குழு முழுப் பாடவேளையும் சண்டை போட்டது. முன்னுணர்த்தல், பின்னோக்கு உத்தி என்ற சொற்கள் ஒன்றும் இல்லாமலே அவர்கள் கதையின் அமைப்பைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இடையில் இலக்கணமும் நடந்தது. 'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து? மூன்று என்று தொல்காப்பியர் வழியில் நான் சொன்னேன். கணினி உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி ஐந்து என்கிறது என்று ஒரு மாணவி கண்டுபிடித்தாள். 2,200 என்பது நமக்குக் குறைச்சல்தான் என்று வகுப்பே அங்கலாய்த்தது. ஒரு பக்கம் எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் நிறுத்துகிற பிள்ளைகள் இவர்கள்.

இனி ஒரு படம். ஒரு பையன் தன் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியைப் படமெடுத்து வந்தான். பின்னால் மீன் பெட்டி கட்டியிருக்கிறது. விடிந்தும் விடியாத வெளிச்சம். கீழே 'உழைப்பே உயர்வு தரும். என் அப்பா ஓர் உழைப்பாளி' என்று எழுதியிருந்தான். தேர்வுக்குப் பழக்கிய கை அப்படித்தான் எழுதும். படத்தில் தெரிவதை எழுதாதே, தெரியாததை எழுது என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை இப்படி வந்தது: 'எங்கள் தெரு நாய்களுக்கு அப்பா போன வழி தெரியும். ஐஸ் உருகி ஒழுகிய கோடு ரோட்டில் இருக்கும். வெயில் ஏறினால் கோடு காய்ந்துவிடும். அதற்குள் பெட்டி காலியானால் அப்பா பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்.'

இதற்கு நான் என்ன மதிப்பெண் போடுவது! எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்தாமல் நாலைந்து முறை படித்தேன். அன்று மாலையே வலையேற்றினேன்.

அந்த வாரம் இன்னொரு மாணவன் அனுப்பிய அந்தி வானப் படத்துக்கு நூற்றைத் தாண்டி லைக் விழுந்தது. செயலி தரும் ஃபில்டரால் வானத்தைச் செக்கச் செவேலென்று ஆக்கியிருந்தான். மீன் பெட்டிக்கு இருபத்து சொச்சம். இது எனக்கு வருத்தம்தான், ஆனால் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது கருத்துப் பகுதியில் வந்தது. வேறு பிரிவு மாணவன் ஒருவன் 'போட்டோலேயே கவுச்சி அடிக்குது' என்று எழுத, அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்திருந்தன. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிவதற்குள் பையன் வந்து நின்றான். "ஐயா, அத எடுத்துடுங்கய்யா." வகுப்பிலேயே சிறந்த கதை அதுதான் என்றேன். "நம்ம கிளாஸுக்குன்னுதானேய்யா எழுதுனேன்" என்றான்.

என் பிழை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவன் மனத்தில் நாற்பது பேர் இருந்தார்கள்; நான் அவனை ஊர் நடுவில் நிறுத்திவிட்டேன். லைக் எண்ணிக்கையை மறைத்து வைக்க 2021இல் இருந்தே வசதி இருக்கிறது. கருத்துப் பகுதியையும் மூடி வைக்கலாம். இரண்டையும் நான் செய்திருக்கலாம். செய்திருந்தாலும் அந்தச் சிரிப்பு வகுப்பு வாசலிலும் சைக்கிள் நிறுத்துமிடத்திலும் நடந்திருக்கும். அப்பாவின் தொழிலைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும் ஊரில், உண்மைக் கதை எழுது என்று கேட்பதற்கு முன்னால், அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

மாணவிகள் விஷயத்தில் நான் இன்னும் அசடு. அவர்கள் அனுப்பிய படங்களில் முகமே இருக்காது. கோலம் போடும் விரல்கள், பூக்கட்டும் கை, சைக்கிள் பெடலில் கால். நெருக்கக் காட்சியின் அழகை இவர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று ஆசிரியர் அறையில் பெருமை பேசினேன். அழகு கிழகு ஒன்றும் இல்லை. நெட்டில் முகம் வரக் கூடாது என்று வீட்டில் அண்ணன் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். பலருக்குச் சொந்தமாகப் போனும் கிடையாது. வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். விடியற்காலையும் இரவும் மட்டுமே அவர்கள் கதைகளில் வந்ததற்குக் காரணம் அதுதான்.

'பிள்ளைகள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள், அங்கேயே போய்க் கற்பிப்போம்' என்பதுதான் இம்முறையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம். அதில் உண்மை இருக்கிறது. இன்ஸ்டாகிராம் கணக்குக்குக் குறைந்த வயது 13. அதற்கும் முன்பே பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு உள்ளே போனவர்கள் என் வகுப்பில் உண்டு. ஆனால் அவர்கள் விரும்பிப் போவது வேறு, நாம் வீட்டுப்பாடமாக அனுப்புவது வேறு. வீட்டுப்பாடத்தை மறுக்க மாணவருக்கு வழி இல்லை. ஒதுங்கியிருந்த பிள்ளையையும் அது இழுத்துக்கொண்டு போகிறது. சட்டங்களும் எதிர்த்திசையில் நகர்கின்றன. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட தளங்களில் கணக்கு வைத்திருக்கவே தடை விதித்துவிட்டது. ஆசிரியர்களாகிய நாமோ வகுப்புப் பிள்ளைகளை ஆடவைத்து, பாடவைத்து, நம் சொந்தக் கணக்கில் ரீல்ஸ் போடுகிறோம். அந்தப் பிள்ளைகள் நம் காட்சிக்குத் துணை நடிகர்கள். கதை அவர்களுடையது அல்ல.

செயலியின் பலம் என்று நான் நினைத்தவற்றில் எத்தனை செயலிக்குச் சொந்தம்? 1970களில் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் ஒளிப்படக் கலைஞர் வெண்டி ஈவால்ட் பள்ளிப் பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுத்து அவர்கள் குடும்பத்தையும் கனவுகளையும் படமெடுத்து எழுத வைத்தார். அந்தப் படங்கள் 1985இல் நூலாயின. ஃபிலிம் சுருளில் எண்ணி எண்ணித்தான் எடுக்க முடியும். எதை எடுப்பது என்று தேர்வது பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நடந்துவிடும். இன்று போனில் முந்நூறு படம் எடுத்துவிட்டுத் தேர்கிறார்கள். வேலை இடம் மாறியிருக்கிறது, போய்விடவில்லை.

இன்ஸ்டாகிராமிலேயே வளர்ந்த முயற்சிக்கும் ஒரு சான்று உண்டு. 2012இல் பீட்டர் டிகாம்போ, ஆஸ்டின் மெரில் என்ற இருவர் செய்தி சேகரிக்க ஐவரி கோஸ்ட் போனார்கள். போரும் பஞ்சமும் அல்லாத ஆப்பிரிக்காவை, லிஃப்டில் நிற்பவரையும் கடைக்குப் போகிறவரையும் போனில் எடுத்து 'எவ்ரிடே ஆப்பிரிக்கா' என்று வெளியிடத் தொடங்கினார்கள். உலகமெங்கும் அதற்குக் கிளைகள் முளைத்தன. புலிட்சர் மையம் அதைப் பாடத்திட்டமாக்கி வகுப்பறைக்குக் கொண்டுபோனது. வாஷிங்டன் நகரப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரைத் தாங்களே எடுத்த படங்கள் கண்காட்சிச் சுவரில் ஏறின. இன்ஸ்டாகிராமில் வளர்ந்த ஒன்று பிள்ளைகளிடம் வந்தபோது அச்சிட்ட படமாகச் சுவருக்கு வந்ததை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. இங்கே 'பாரி' (PARI) என்ற கிராமப்புற இதழியல் தளத்தின் ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமாரும் குழந்தைகளிடம் கேமரா கொடுத்துச் சொல்லித் தருகிறார். தங்கள் தெருவை அந்தப் பிள்ளைகள் பார்க்கும் விதம், நம் போட்டிகளில் பரிசு வாங்கும் பொக்கைவாய்ப் பாட்டி படங்களைக் கூச வைக்கிறது.

அடுத்த ஆண்டு செயலியை விட்டுவிட்டு அதன் விதிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். வகுப்பின் குறுக்கே ஒரு கொடிக்கயிறு, துணி மாட்டும் கிளிப்புகள். ஐந்தே படம், கீழே ஒட்டிய தாளில் கதை. முதல் இரண்டு வரி மட்டும் வெளியே தெரியும்படி தாளை மடிக்க வேண்டும். பிடித்திருந்தால் பிரித்துப் படிக்கலாம். ஸ்டுடியோவில் பிரிண்ட் போடும் செலவை ஆசிரியர்கள் நாலு பேர் பகிர்ந்துகொண்டோம். லைக் கிடையாது. ஒரு கேள்வியை எழுதிக் குத்திவிட்டுப் போகலாம்.

இழப்பே இல்லை என்று சொன்னால் பொய். முந்தின ஆண்டு ஒரு பையன் பாழுங்கிணற்றைப் பற்றி எழுதியதை, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அவன் அக்கா இரவு ஷிப்டு முடிந்து படித்துவிட்டு, 'அந்தக் கிணத்துக்கு ஆத்தா வேற பேரு சொல்லுமே, மறந்துட்டியா' என்று கீழே எழுதியிருந்தாள். கதை அதற்குப் பிறகுதான் முழுமையானது. எங்கள் கொடிக்கயிறு திருப்பூர்வரை நீளாது. மூடிய கணக்கு வைத்துக்கொண்டு உறவினரை மட்டும் சேர்க்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பெரிய வகுப்புகளுக்கு, பெற்றோர் கையெழுத்தோடு, அது சரிவரலாம். ஒன்பதாம் வகுப்புக்கு எனக்குத் துணிவு வரவில்லை.

கொடியில் தொங்கியவற்றில் ஒன்று வாசலில் கிடக்கும் ஆண் செருப்பின் படம். அந்த மாணவியின் அப்பா கத்தாரில் டிரைவர். வெளியே தெரிந்த இரண்டு வரி: 'இந்தச் செருப்பை யாரும் போடுவதில்லை. வாரம் ஒரு முறை தூசி தட்டுவது என் வேலை.' பிரித்தால் உள்ளே, வீட்டில் ஆம்பிளை இல்லை என்று வெளியாருக்குத் தெரியக் கூடாதென்று அம்மா அதை மூன்று வருடமாக வாசலிலேயே விட்டு வைத்திருப்பது எழுதியிருந்தது. இதை நான் வலையேற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது. அப்பாவுக்கு அவளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாளாம்.

பெற்றோர் கூட்டத்தன்று ஊர்க்காரர்கள் வகுப்புக்குள் வந்து கொடியைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்த ஒரு தாளை மட்டும் காணோம். கிளிப்பு வெறுமனே தொங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை வருகைப்பதிவு எடுக்க உள்ளே போனபோது செருப்பு அதன் இடத்தில் இருந்தது.