90 கலம், 30 கலம், 15 கலம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் ஒரு நீண்ட கல்வெட்டு உண்டு. வீரராசேந்திர சோழன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டு. வேதமும் வியாகரணமும் படித்த மாணவர்கள், அவர்களுக்கு விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்று எல்லாம் கணக்காக வெட்டப்பட்டிருக்கிறது. ‘தமிழர் பெருமை’ என்கிற சொல்லாடல் வாசிப்பை இத்தோடு முடித்துக்கொள்கிறது.

பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் பாடம் எடுத்தேன். கடைசி பெஞ்சுப் பெண் கேட்டாள்: “அந்தப் பள்ளிக்கூடத்துல எங்களச் சேத்துருப்பாங்களா சார்?” வகுப்பு சிரித்தது. “அதெல்லாம் அந்தக் காலம்மா” என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அந்தச் சிரிப்பும் என் நழுவலும்தான் இங்கே பிரச்சினை.

2023இல் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. பாடத்திட்டத் திருத்தமும் அதில் உண்டு. நம் பேச்சோ பெரும்பாலும் கயிற்றோடு நின்றுபோகிறது.

அடையாளத்தை அகற்றுவதும் சாதியைப் பேசுவதும் ஒன்றல்ல. கறுப்பினப் பெண்ணியவாதி பெல் ஹூக்ஸ் 1994இல் வெளியான தன் நூலில் பள்ளி அனுபவத்தைச் சொல்கிறார். கறுப்பர் பள்ளியில் படிப்பு விடுதலையாக இருந்தது. வெள்ளையரோடு சேர்ந்து படித்த பள்ளியில் கீழ்ப்படிதலே கல்வியாகிவிட்டது. இதைப் பிரித்து வைப்பதற்கான வாதமாக யாரும் திரிக்க வேண்டாம். சேர்ந்து உட்காருவது கட்டாயம் வேண்டும். அதுவே போதும் என்பதுதான் வாத்தியார்களாகிய நம் சௌகரியம்.

அதே கல்வெட்டை மேலே வாசிப்போம். பெயரோடு குறிக்கப்படும் மருத்துவர் ஒரு பட்டர். அவருக்கு நெல் 90 கலம், கூடக் காசும். உடம்பை அறுத்து வைத்தியம் பார்ப்பவருக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம். படித்தவன் கூலிக்கும் கைவேலைக்காரன் கூலிக்கும் உள்ள தூரம் கல்லிலேயே இருக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதி, “ஏன் இப்படி?” என்று பிள்ளைகளைக் கேட்கலாம். புதுப் பாடப்புத்தகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நான் ஏன் கேட்கவில்லை? மறுநாள் ஊர்த்தெருப் பெற்றோர் வந்து நிற்பார்களே என்ற பயம். அந்தப் பெண்ணுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை.