மாஸ்னா யாரு?

இன்ஜினியரிங் காலேஜில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட கூட்டு நடவடிக்கை மாஸ் பங்க். அறுபது பேரும் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். ஒருத்தன் உள்ளே போய் உட்கார்ந்தாலும் கதை முடிந்தது, மிச்ச ஐம்பத்தொன்பது பேருக்கும் ஆப்சென்ட். அந்த மாஸில் ஹீரோ கிடையாது. பங்க் அடித்துவிட்டுப் போன தியேட்டரில் 'மாஸ்டா!' என்று கத்தினோமே, அந்த மாஸில் ஹீரோ மட்டும்தான் இருந்தான். இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே நாளில் வந்தவை.

பிசைந்த மாவைக் குறித்த கிரேக்கச் சொல் வரை இதன் வேர் போகிறது. ஆங்கிலத்தில் உருவமில்லாத திரள், அப்புறம் மக்கள் திரள். மேலே நின்று பார்ப்பவர் வைத்த பெயர் அது. அப்படியொரு திரளே கிடையாது, மனிதர்களைத் திரளாகப் பார்க்கும் விதங்கள்தான் உண்டு என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1958இல் 'கல்ச்சர் அண்ட் சொசைட்டி'யில் வாதிட்டார். நம் சினிமா வியாபாரத்தில் அந்தப் பார்வைக்கு 'பி, சி சென்டர்' என்று பெயர்.

இங்கே நடந்த திருப்பம்தான் சுவாரசியம். மாஸ் ஆடியன்ஸுக்குப் பிடித்தவன் மாஸ் ஹீரோ. அவனுக்காக எழுதியது மாஸ் சீன். கடைசியில் ஆடியன்ஸ் கழன்றுகொண்டது, ஆளே மாஸ். 'மாஸ் காட்டிட்டான்' என்கிறோம். பலரைக் குறித்த சொல் ஸ்லோமோஷனில் நடக்கும் ஒருத்தனுக்குப் போய்விட்டது. அந்தப் பலர் காற்றில் பறக்கும் அடியாட்களாக அதே ஃபிரேமில்தான் இருக்கிறார்கள். (நிறை வேறு, எடை வேறு என்று இயற்பியல் சார் தொண்டை வறளச் சொன்னார். தெருவில் 'வெயிட்டு' ஆளும் 'மாஸ்' ஆளும் ஒருத்தன்தான்.)

2015இல் சூர்யா நடித்த 'மாஸ்' படம், தமிழ்ப் பெயருக்குக் கிடைத்த வரிவிலக்குக்காக 'மாசு என்கிற மாசிலாமணி' ஆனது. மாசிலாமணி என்றால் அழுக்கில்லாத மணி. செல்லப்பெயர் அழுக்கு!

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 'மாஸ் படத்துல லாஜிக் பாக்காத' என்கிற வாக்கியத்தை என்னால் அப்படி விட முடியவில்லை. விமர்சனம் எழுதுகிறவர்களும் இதைச் சொல்கிறோம். சாதாரண மக்களுக்கு மரியாதை கொடுப்பது போல் தொனிக்கும். அவர்களுக்கு இது போதும் என்பதுதான் அர்த்தம்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வியாபாரக் கணக்கில் அசல் சி சென்டர். ஒரு நாள் டிவியில் ஹீரோ கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துப் பத்துப் பேரை அடிக்கிறான். எனக்குப் புல்லரித்தது. அப்பா, "ஸ்டேஜ் குளோஸ் பண்ணலியே. கலெக்‌ஷன் பை யார்கிட்ட இருக்கு?" என்றார்.

"மாஸ் சீன்ப்பா. அதெல்லாம் பாக்கக் கூடாது."

சண்டை முடிந்து பாட்டு வந்தது. அவர் இன்னும் பையைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.