கேலியில் உறைந்த பாத்திரங்கள்

வாசகர்கள் கூடிப் பேசிச் சிரிப்பதுதான் இன்றைய உண்மையான விமர்சனம், தனியே உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இனி வேலையில்லை என்றொரு வாதம் சில காலமாகப் பலமாக ஒலிக்கிறது. மாயமும் அரக்கரும் நிறைந்த தொடர்படக்கதைகளின் ரசிகர்களிடம் இது ஏறக்குறைய ஒரு நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. ரிச் பர்ல்யூ 2003-இல் இணையத்தில் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக வரைந்துவரும் ‘தி ஆர்டர் ஆஃப் த ஸ்டிக்’ இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. குச்சி மனிதர்களாக வரையப்பட்ட அதன் பாத்திரங்களைப் பற்றி வாசகர்கள் இன்னும் பேசி ஓயவில்லை. அச்சில் தீர்ந்துபோன தொகுதிகளை மறுபடி வெளியிட 2012-இல் பர்ல்யூ கிக்ஸ்டார்ட்டர் என்ற திரள்நிதித் தளத்தில் உதவி கேட்டபோது 12 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அந்தப் பற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தப் பற்றிலிருந்து பிறக்கும் அரட்டையை விமர்சனம் என்று கொண்டாடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பாத்திரம் மாறிய பிறகும் அரட்டை அதை மாறவிடுவதில்லை. இந்தப் படக்கதையின் உயிரே பாத்திரங்களின் மாற்றத்தில்தான் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். இவ்வளவு நீண்ட தொடரை எந்தத் தனி வாசகராலும் முழுதாக நினைவில் வைத்திருக்க முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு முன்னால் ஒரு மூலையில் வந்துபோன பாத்திரத்தையும், பாதியில் நின்ற தீர்க்கதரிசனத்தின் வாசகத்தையும் அரட்டைதான் காப்பாற்றி வைத்திருக்கிறது. கையில் பட்ட காயத்தால் பர்ல்யூ சில மாதங்கள் வரைய முடியாமல் போனபோதும் கதை மறக்கப்படாமல் இருந்ததற்கு அந்தப் பேச்சு ஒரு காரணம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் விதிகள் தெரியாதவருக்குக் கதையின் பாதி நகைச்சுவை பிடிபடாது. பழைய வாசகர்கள் சிரித்தபடியே அதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். இவற்றுக்காக அரட்டைக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் பெயரைச் சொன்னதும் சிரிப்பு வர வேண்டுமென்றால் அந்தப் பெயரோடு ஒரே ஒரு குணம் ஒட்டியிருக்க வேண்டும். கதையின் நாயகர்களான சாகசக் குழுவில் பெல்கார் என்றால் கொலைவெறி பிடித்த குட்டையன். ஈலான் என்றால் வெள்ளந்தியான மடையன். டர்கான் என்றால் மரத்தைக் கண்டு நடுங்கும் குள்ளர் இனக் கடமைவீரன். வார்சூவியஸ் என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாத, நீட்டி முழக்கிப் பேசும் மந்திரவாதி. இந்தக் குணங்களைக் கொடுத்தது கதைதான். முதல் பக்கமே ஆட்டத்தின் விதிப்புத்தகம் புதிய பதிப்புக்கு மாறியதைப் பற்றிய ஒரு துணுக்கு. தொடக்கத்தில் பாத்திரங்களிடம் அதற்கு மேல் அதிகம் இல்லை. பர்ல்யூ அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டார். மரத்துக்கு அஞ்சும் குள்ளர்களின் விறைப்பான கடமையுணர்வுக்குப் பின்னால் தெய்வங்களுக்கிடையே போடப்பட்ட ஒரு பந்தயம் இருக்கிறது, மானமில்லாமல் சாகும் குள்ளரின் ஆன்மா ஹெல் என்ற தெய்வத்திடம் போய்விடும் என்று பிற்பாடு கதை சொல்கிறது. அதைப் படித்தபின் டர்கானின் பிடிவாதம் ஒரு இனமே சுமக்கும் அச்சமாகத் தெரிய வேண்டும். அரட்டையோ இன்னும் மரத்தடியிலேயே நிற்கிறது. தூங்குமூஞ்சிகளையெல்லாம் நாம் கும்பகர்ணன் என்று கேலிசெய்கிறோம். அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, சாகப்போவது தெரிந்தும் அவனுக்காகவே களம் புகுந்த கம்பனின் கும்பகர்ணன் அந்தக் கேலிக்குள் எங்கும் இல்லை. அவனுக்காவது காவியம் முழுதாக எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. தொடர்கதையின் பாத்திரம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே இப்படிக் கெட்டிப்பட்டுப்போகிறது. அடுத்த பக்கத்தைத் திறக்கும் வாசகர் தனக்கு ஏற்கெனவே தெரிந்த கேலியைத்தான் அதில் தேடுகிறார்.

வார்சூவியஸின் கதையில் இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று துல்லியமாகக் காணலாம். குபோட்டா என்ற பிரபு சதிசெய்து அகப்பட்டு ஈலானிடம் சரணடைகிறான். விசாரணையில் எப்படியும் தப்பிவிடுவேன் என்று கொக்கரிக்கிறான். அங்கே வந்துசேரும் வார்சூவியஸ் ஒரு மந்திரத்தால் அவனைத் தூளாக்குகிறார். அடுத்த மந்திரத்தால் காற்றை வரவழைத்து அந்தத் தூளையும் ஊதித் தள்ளிவிட்டு, ஆக வேண்டிய வேலையைப் பார்க்கலாம் என்கிற எரிச்சலோடு நிற்கிறார். வாசகர்களிடையே இந்தக் காட்சி ஒரு வெற்றி முழக்கமாகவே புழங்குகிறது. யாராவது எரிச்சலூட்டினால் அந்த இரண்டு மந்திரங்களின் பெயரையும் அடுத்தடுத்துச் சொன்னால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். காட்சியிலேயே இருக்கும் இரண்டு செய்திகள் இப்படிச் சொல்லும்போது உதிர்ந்துவிடுகின்றன. கொல்லப்பட்டவன் யாரென்றே வார்சூவியஸுக்குத் தெரியாது. ஈலான் பிடித்து வைத்திருப்பவன் எப்படியும் வில்லனாகத்தான் இருப்பான் என்ற ஊகத்தில் கொன்றார். இரண்டாவது, ஈலானின் அதிர்ச்சி. எல்லோரும் மடையன் என்று ஒதுக்கும் அவன்தான், நடந்தது கொலை என்பதைக் கண்டுகொள்கிறான். பிரிந்துபோன நண்பர்களைத் தேடி ஓய்வும் உறக்கமும் இல்லாமல் சிதைந்துகொண்டிருந்த ஒரு மனம் எல்லை கடந்த இடத்தைத்தான் நாம் கைதட்டிக் கொண்டாடுகிறோம்.

அதற்குப் பின் நடப்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கைதட்டல் இன்னும் உறுத்துகிறது. நண்பர்களின் பயணத்தில் ஒரு இளம் கறுப்பு டிராகனை வார்சூவியஸ் முன்பே கொன்றிருக்கிறார். அன்றைக்கு அது ஆட்டத்தில் வழக்கமாக நடக்கும் ஒரு சண்டை. ஒரு அரக்கன் ஒழிந்தான், அனுபவப் புள்ளிகள் சேர்ந்தன. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கழித்து அந்த டிராகனின் தாய் வருகிறாள். தன் பிள்ளையைக் கொன்றவரின் பிள்ளைகளைக் கொல்லப் புறப்படுகிறாள். அவளைத் தடுக்கும் வலிமைக்காக வார்சூவியஸ் மூன்று பிசாசுகளிடம் தன் ஆன்மாவை ஒப்புக்கொடுக்கிறார், குடும்பம் காப்பாற்றப்படுகிறது. அதோடு அவர் நிற்கவில்லை. செத்த தாயின் தலைக்கு மறுபடி உணர்வூட்டி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவளோடு ரத்த உறவுள்ள அத்தனை பேரையும், அவர்களோடு ரத்த உறவுள்ளவர்களையும் ஒரே மந்திரத்தில் கொன்றுதீர்க்கிறார். உலகத்துக் கறுப்பு டிராகன்களில் ஏறக்குறைய கால்பங்கு அழிகிறது. அந்த ரத்தம் மனிதர்களிலும் கலந்திருந்தது என்பது பிற்பாடு டிரேக்டூத் என்ற மனிதக் குடும்பத்தின் பிணங்களுக்கு நடுவே நிற்கும்போதுதான் வார்சூவியஸுக்கு உறைக்கிறது. அனுபவப் புள்ளிக்காக ஒரு அரக்கனைக் கொல்வது சிரிப்புக்குரியது என்று தொடங்கிய கதை, அந்தச் சிரிப்பின் விலையைத் தன் நாயகர்களில் ஒருவர் கையாலேயே கணக்குப்போட்டுக் காட்டுகிறது. இந்தக் கணக்கைப் படித்தபிறகும் குபோட்டாவின் சாவைத் தனியே கத்தரித்து எடுத்து முழக்கமாக்குவது, படித்ததை வேண்டுமென்றே மறப்பதாகும்.

அரட்டையில் சிரிப்பு மட்டும் இல்லை, கதையின் அறக்கேள்விகளைப் பற்றி நீண்ட விவாதங்களும் நடக்கின்றன என்று பதில் சொல்வார்கள். நடக்கின்றன, ஆனால் அவற்றின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் விதிப்புத்தகம் எல்லாரையும் ஒன்பது அலைன்மென்ட் (அறச்சார்பு) கட்டங்களில் அடைக்கிறது. ஒழுங்கும் நன்மையும் சேர்ந்த லாஃபுல் குட் ஒரு மூலை, ஒழுங்கின்மையும் தீமையும் சேர்ந்த கேயாட்டிக் ஈவில் எதிர்மூலை. வார்சூவியஸ் செய்ததற்குப் பிறகு அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார், பெல்கார் எப்போது கட்டம் மாறுவான், காப்ளின் வில்லன் ரெட்க்ளோக்கின் பக்கம் நியாயம் உண்டா இல்லையா என்று விவாதம் தீர்ப்பை நோக்கியே ஓடுகிறது. தீர்ப்பு கிடைத்ததும் கேள்வி செத்துவிடுகிறது. கதைக்குள்ளும் ஒரு தீர்ப்புக் காட்சி உண்டு. இறந்துபோன குழுத் தலைவன் ராய் மேலுலக வாசலில் ஒரு தேவதையின் முன் உட்கார்ந்து, தன் வாழ்க்கைக் கணக்கைக் கேட்கிறான். கொள்ளையர் கையில் ஈலானை ஒருமுறை விட்டுவிட்டுப் போனது அங்கே பெருங்குற்றமாக எழுகிறது. கடைசியில் அவனை உள்ளே அனுமதிக்க வைப்பது, தவறியபின்னும் திருந்த அவன் விடாமல் எடுத்த முயற்சி. கட்டம் எது என்பதைவிட அந்த முயற்சியின் வரலாறுதான் காட்சியின் பொருள். இதற்கு நேரெதிர் மிகோ என்ற புனித வீராங்கனை. தீமையைக் கண்டறியும் சக்தி அவளுக்கு உண்டு. கதையின் முதன்மை வில்லன் சைகானிடமிருந்து ராய் எடுத்துவந்த மகுடத்தின் தீமையை உணர்ந்து, ராயே தீயவன் என்று அவள் முடிவுகட்டினாள். பிறகு தன் தலைவர் ஷோஜோ பேசியதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, அவர் துரோகி என்று அங்கேயே தீர்ப்பெழுதி, ஆயுதமில்லாத கிழவரை வெட்டிக் கொன்றாள். அந்தக் கணமே அவள் புனித சக்தி பறிபோனது. வாசகர்கள் மிகோவை வெறுக்கிறார்கள், கேலிசெய்கிறார்கள். அவளுடைய வேலையையே தாங்களும் செய்துகொண்டிருப்பதை மட்டும் கவனிப்பதில்லை.

ரெட்க்ளோக் விஷயத்தில் இந்த அவசரம் மிகவும் கொடுமையாகப் படுகிறது. காப்ளின்கள் இந்த ஆட்டத்தில் வெட்டுப்பட்டு விழுவதற்கென்றே பிறந்தவர்கள். அவர்களைப் படைத்ததே, சாகசக்காரர்கள் கொன்று புள்ளி சேர்த்துக்கொள்ளத்தான் என்பது ரெட்க்ளோக் நம்பும் வரலாறு. 2007-இல் அச்சில் மட்டும் வந்த முன்கதையில், நன்மையின் காவலர்கள் என்று பெயர்பெற்ற வீரர்கள் அவனுடைய ஊரில் புகுந்து குழந்தைகளையும் விடாமல் வெட்டுகிறார்கள். அதே முன்கதையில்தான் அவன் தன் சொந்தத் தம்பியையும் கொல்கிறான். காப்ளின்களின் உறவினமான ஹாப்காப்ளின்களை அவனுக்கு அறவே பிடிக்காது என்பது தொடரில் நெடுநாள் ஓடிய நகைச்சுவை. அஸூர் சிட்டி என்ற மனித நகரத்தின் முற்றுகையில் அவர்களை மனங்கூசாமல் சாகவிடுகிறான். பிறகு அவர்களில் பெயர் தெரியாத ஒருவன் தன் உயிரைக் கொடுத்து அவனைக் காப்பாற்றுகிறான். மனிதர்கள் தன் இனத்துக்குச் செய்ததையே தான் இவர்களுக்குச் செய்துகொண்டிருந்தது அந்த இடத்தில் ரெட்க்ளோக்குக்குப் புரிகிறது. நாம் சிரித்துக்கொண்டிருந்த ஒரு துணுக்கு வாசகரையும் அவனையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பக்கம் அது. படக்கதை வடிவத்தில் இவ்வளவு நேர்மையான திருப்பங்கள் அரிது. அதன்பின்னும் அவன் நல்லவனாகிவிடவில்லை. பிற்பாடு டர்கான் தெய்வங்களின் சார்பில் சமாதானம் பேச வரும்போது, மறுத்துத் தாக்குகிறான். அத்தனை உயிர்களைக் காவுகொடுத்த பிறகு சமரசத்தை ஏற்றால் அந்தச் சாவுகளெல்லாம் வீண் என்றாகிவிடுமே என்ற பயம் அவனை ஆட்டுகிறது. இப்படிப்பட்டவனைப் பற்றி ‘சரியா, தப்பா’ என்று கை தூக்கச் சொல்வது அந்தப் பயத்தைத் தொடவே தொடாது.

கதையே கேலி நிறைந்தது, அதன் தொனியைத்தானே வாசகர்கள் தொடர்கிறார்கள் என்பது இருப்பதிலேயே வலுவான மறுப்பு. ஆனால் பர்ல்யூவின் கேலிக்குக் காலம் உண்டு. ஓரிடத்தில் சிரிக்க வைத்ததை வேறோரிடத்தில் அவர் திரும்ப எடுத்து, அதனால் காயப்பட்டவரின் பக்கம் நின்று காட்டுகிறார். அரட்டையின் கேலிக்கு அப்படியொரு அடுத்த பக்கம் இல்லை. அது சொல்லப்படும்போதெல்லாம் முதல் நாள் போலவே சொல்லப்படுகிறது. தொனி ஒன்றாக இருந்தாலும் வேலை எதிரெதிரானது.

பெல்காரின் கதையில் பர்ல்யூ இதற்கு நேரடியான விடையையே வைத்திருக்கிறார். அந்த ஆண்டு முடிவதற்குள் பெல்கார் தன் கடைசி மூச்சை விடுவான் என்றொரு தீர்க்கதரிசனம் கதையில் உண்டு. கதைக்குள் அந்த ஆண்டு நத்தையாய் நகர, வெளியே வாசகர்கள் அவன் சாவை வைத்துப் பல ஆண்டுகளாக ஊகமும் கேலியும் பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். அதே காலத்தில் பெல்கார் மாறியிருக்கிறான். அந்தச் சமாதானப் பேச்சுக்கு வெகு முன்பே, தன்னைக் காப்பாற்ற வந்த டர்கான் வாம்பயரிடம் உயிரைவிட்டு, தானும் வாம்பயராக எழுந்து வரும்போது, இது டர்கான் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்பவன் அவன் ஒருவன்தான். ராய் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்னவன் பெல்கார், வாய் திறந்தால் வம்பும் வெறுப்பும்தான் வரும் என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். உடன் பயணம் செய்தவர்களே அவனைப் பழைய கேலியின் வழியாகப் பார்த்ததால் உண்மை கேட்கப்படாமல் போனது; டர்கானின் உடலில் குடியேறிய அந்த வேற்றுயிர் தெய்வங்களின் சபைவரை போய், உலகத்தையே அழிக்க வாக்களிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. இதையெல்லாம் பக்கம் பக்கமாகப் படித்த வாசகர்கள் இன்னும் பெல்காரை அந்தக் கொலைவெறிக் குட்டையனாகவே வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும்வரை, அவர்களுடைய பேச்சை இந்தக் கதையின் விமர்சனம் என்று என்னால் சொல்ல முடியாது.