கொடுந்தமிழ் இலக்கணமும் ஆங்கில வகுப்பும்

திருச்சபை நடத்தும் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரின் பணி யாது என்னும் வினாவை, பள்ளி நிர்வாகத்தைச் சார்ந்த வினாவாகவே நாம் இதுகாறும் கருதி வந்திருக்கிறோம். தேர்ச்சி விழுக்காடு, மாணவர் சேர்க்கை, கட்டணம் ஆகியவற்றோடு அது முடிந்துவிடுகிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில், குன்னத்தில் காலை வேளையில் நின்று பார்ப்பவர், மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் குடும்பங்களின் பிள்ளைகள் கழுத்துப்பட்டை அணிந்து ஆங்கிலவழிப் பள்ளிகளின் வேன்களில் ஏறுவதைக் காணலாம். இவ்விரு மாவட்டங்களிலும் உரோமன் கத்தோலிக்கர் நடத்தும் பள்ளிகளைப் பிற சமயத்தாரும் விரும்பி நாடுகின்றனர். இப்பிள்ளைகள் பலருடைய வீட்டில் ஆங்கிலம் பேசுவார் எவருமில்லை. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் ஒருவரே அவர்களுக்கு ஆங்கிலம்.

இப்பொருள் பற்றி மேனாட்டார் எழுதியவை நமக்கு ஓரளவே பயன்படும். அமெரிக்காவில் குடியேறிய செர்மானியரும் போலந்து நாட்டினரும் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் பங்குகளில் நிறுவிய கத்தோலிக்கப் பள்ளிகளில், வீட்டு மொழியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே கற்பித்தனர். ஆயினும் அங்கே குழந்தை வேற்று நாட்டுக்குச் சென்று வேற்று மொழியைச் சந்தித்தது. நம் குழந்தையோ தன் ஊரை விட்டு எங்கும் செல்லவில்லை. பள்ளி வாசலைத் தாண்டியதும் அது அயலாளாகிவிடுகிறது. ஆகவே இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அமெரிக்காவுக்குச் செல்வதினும் ஏலாக்குறிச்சிக்குச் செல்வது நலம் என்பது நம் கருத்து.

குன்னத்திலிருந்து அரியலூர் வழியாகத் தெற்கே சென்றால் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் ஏலாக்குறிச்சி உள்ளது. வீரமாமுனிவர் எனும் கான்ஸ்டன்ஸ் ஜோசப் பெஸ்கி (1680-1747) பல்லாண்டுகள் தங்கிப் பணியாற்றிய ஊர் அது. இத்தாலியில் பிறந்து, ஏறத்தாழ முப்பது வயதில் இந்தியா வந்து, அதன்பின்னரே தமிழ் கற்றவர் அவர். தேம்பாவணியின் ஆசிரியராக அவரைப் போற்றுவோர் பலர். மொழி கற்பிக்கும் ஆசிரியராக அவரை ஆராய்ந்தோர் சிலரே. அவர் எழுதியவற்றுள் பெரும்பகுதி பாடநூல்களே: வேதியர்க்கு 1727இல் வேதியர் ஒழுக்கம், புதிதாக வந்த குருக்களுக்கு 1728இல் கொடுந்தமிழ் இலக்கணம், தமிழ் கற்போர்க்கு 1730இல் தொன்னூல் விளக்கம், 1732இல் சதுரகராதி. ஏலாக்குறிச்சியில் வேதியர்க்கென அவர் ஒரு பள்ளி நடத்தினார் என்றும் மரபு கூறும்.

இவற்றுள் நம் வினாவுக்கு நேரே விடையளிப்பது கொடுந்தமிழ் இலக்கணம். பேச்சுத் தமிழைக் கற்பிக்க எழுந்த அந்நூல் இலத்தீனில் எழுதப்பட்டது. இதனை நாம் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம். தமிழில் காவியம் இயற்றும் ஆற்றல் பெற்றவர், தமிழைக் கற்பிக்கும்போது மாணவனுடைய மொழிக்கு இறங்கிச் சென்றார். வந்திறங்கிய குரு இலத்தீனில் சிந்தித்தார். வேற்றுமை என்றால் என்ன, வினைச்சொல் எவ்வாறு திரியும் என்பவற்றை இலத்தீன் வாயிலாகவே அறிந்திருந்தார். தெரிந்த மொழியைத் தளமாகக் கொண்டே தெரியாத மொழியைக் கட்டினார் பெஸ்கி. இலத்தீனில் பேசினால் அபராதம் என்று அவர் விதி செய்யவில்லை.

இந்நூலின் அச்சு வரலாறு நம் வாசகர்க்குச் சிறிது வியப்பளிக்கலாம். பெஸ்கி லுத்தரன் மிஷனரிகளைக் கடுமையாகக் கண்டித்தவர். வேத விளக்கம் அதற்குச் சான்று. ஆயினும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லுத்தரன்களே. அவர்களுள் ஒருவரான வால்தர் அடுத்த ஆண்டே தம் இலக்கணக் குறிப்புகளையும் எழுதி அச்சிட்டார். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இலேயே ஹாலேயில் அச்சாகியிருந்தும், எதிரணியில் நின்றவரின் நூல் சிறந்த பாடநூல் என்று கண்டபோது அதை ஏற்க அவர்கள் தயங்கவில்லை. இன்று நம் சபைகள் கூடி நடத்தும் ஐக்கிய வாரக் கூட்டங்கள் பலவற்றினும் இது பயனுள்ள செயல் எனலாம்.

எனினும் பெஸ்கியின் நூல்களைக் குறையற்றவை என்று நாம் சொல்ல மாட்டோம். கொடுந்தமிழ் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். அப்பெயர் அவர் படைத்ததன்று, இலக்கண மரபில் முன்பே வழங்கியது. ஆயினும் மக்கள் வாயில் வழங்கும் மொழியைக் கோணல் மொழி என்று அழைக்கும் பெயரை அவரும் அப்படியே ஏற்றுக்கொண்டார். வீட்டில் பேசும் மொழி தாழ்ந்தது என்று குழந்தையை நம்பச் செய்வதில் தமிழாசிரியர்க்கும் ஆங்கில ஆசிரியர்க்கும் வேறுபாடில்லை. முன்னவர் செந்தமிழைக் காட்டித் தாழ்த்துகிறார், பின்னவர் ஆங்கிலத்தைக் காட்டித் தாழ்த்துகிறார். ஆயின் பெஸ்கியின் செயல் அப்பெயரினும் மேலானது. கோணல் என்று சொல்லப்பட்ட மொழிக்கும் ஒழுங்கு உண்டு எனக் கண்டு அதற்கு இலக்கணம் வகுத்தாரே!

பரமார்த்த குரு கதையைப் பற்றி நமக்கு இன்னும் பெரிய தயக்கம் உண்டு. பேச்சுத் தமிழ் கற்போர்க்கு வாசிப்புப் பாடமாகவே அக்கதை அமைந்தது. 1822இல் பாபிங்டன் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் இலண்டனில் வெளியிட்டபோதும் நோக்கம் அதுவே. பாடநூல் என்னும் வகையில் அதற்கு நிகரானது அரிது. ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் சீடர்களைப் படித்துச் சிரிக்கிறவன், தான் இலக்கணம் கற்பதை மறந்துபோகிறான். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான்? தமிழ்நாட்டுக் குருவையும் சீடர்களையும் பார்த்து, அயல்நாட்டுக் குரு ஒருவர் சிரிக்கிறார். ஒரு மக்களின் மொழியைக் கற்கும் முதல் நாளிலேயே அம்மக்களை மூடராகக் காணும் பழக்கமும் உடன் வருமாயின் அது நற்செய்திப் பணிக்கு உதவுமா? தமிழர் அக்கதையைத் தமதாக்கித் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரித்தது அவர்களுடைய பெருந்தன்மை. நம் ஆங்கில வாசிப்பு நூல்களையும் இக்கண்ணோடு பார்க்க வேண்டும். அவற்றில் வரும் வீடும் உணவும் விளையாட்டும் யாருடையவை? குன்னத்துக் குழந்தை அங்கே தன்னைக் காண்கிறதா, அல்லது தன்னைப்போன்றவர் எவரும் இல்லாத உலகத்தைக் காண்கிறதா?

இனி ஆங்கில வகுப்புக்கு வருவோம். பெஸ்கியின் மாணவர் வளர்ந்தவர், கற்றவர், அதிகாரம் உடையவர். ஆறு வயதுக் குழந்தையிடம் இவை இல்லை. அதனிடம் இருப்பது வீட்டுத் தமிழ் ஒன்றே. அதையும் வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வது, ஏணியைத் தள்ளிவிட்டு மேலே ஏறு என்று சொல்வதாகும். ‘நேற்று வந்த பையன்’ என்பதை எடுத்துக்கொள்க. தமிழில் அடைமொழி முன்னே நிற்கும், பெயர் பின்னே வரும். ஆங்கிலத்தில் பெயர் முன்னே வந்து, அதனை விளக்கும் தொடர் பின்னே வரும். தமிழ் வினையை ஈற்றில் வைக்கும், ஆங்கிலம் நடுவில் வைக்கும். இரு மொழியும் அறிந்த ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் சில நிமிடங்களில் காட்டிவிடலாம். தமிழில் பேசக்கூடாது என்ற விதிக்கு அஞ்சும் ஆசிரியர் ஓராண்டு முயன்றும் காட்ட இயலாது. பிள்ளைகள் விடைகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதும், தாமாக ஒரு வாக்கியம் பேச நேரும்போது வாய்மூடி நிற்பதும் இதன் விளைவே.

தமிழ்ப் பற்றின் பெயரால் ஆங்கிலத்தைத் தடுக்க நாம் முற்படுவதாக எவரும் எண்ண வேண்டாம். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெற்றோர் ஆங்கிலம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஊரில் தங்களுக்கு மறுக்கப்பட்ட மதிப்பை அது தரும் என அவர்கள் நம்புகின்றனர். ஆங்கிலக் கல்வியைத் திருச்சபைப் பணியாக்கியதில் நமக்கும் பங்குண்டு: 1830இல் கல்கத்தாவில் டஃப், 1837இல் சென்னையில் ஆண்டர்சன் தொடங்கியவை நம் பக்கத்துப் பள்ளிகள். 1706இல் தரங்கம்பாடியில் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகிய சீகன்பால்கைவிட இவர்களையே நம் பள்ளிகள் பின்பற்றின. கத்தோலிக்கர் நிலையிலும் ஒரு முரண் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டு வழிபாட்டு ஏட்டுக்குப்பின் திருப்பலி தமிழுக்கு வந்தது. 1965ஆம் ஆண்டு கல்வி ஏடு எளியோர்பால் பள்ளிகள் தனி அக்கறை கொள்ள வேண்டுமெனக் கூறிற்று. அதன்பின் வந்த பத்தாண்டுகளில் பீடம் தமிழ் பேச, பள்ளிகள் பல ஆங்கிலத்துக்கு மாறின.

பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தோர் தத்தம் மொழியிலேயே கேட்டனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அப்பகுதியை நாம் மிஷனரி ஞாயிறு தோறும் பிரசங்கிக்கிறோம், மறுநாள் திங்கட்கிழமை அதே சபையின் பள்ளியில் தமிழில் பேசிய சிறுவன் அபராதம் கட்டுகிறான். இதன் பயனை ஆயர்கள் திடப்படுத்தல் வகுப்பில் காண்கின்றனர். பிள்ளைகள் தமிழ் வேதாகமத்தைத் தடங்கலின்றி வாசிக்க இயலாமல் திணறுகின்றனர். கீர்த்தனையை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகின்றனர். ஆங்கில வேதாகமத்தைக் கொடுத்தால் அதுவும் விளங்குவதில்லை. இறையியல் கல்லூரியில் சேர வரும் இளைஞருள்ளும் இரு மொழியிலும் ஒரு பக்கம் எழுத வராதோர் பெருகுகின்றனர்.

ஆகவே கத்தோலிக்கப் பள்ளியாயினும் நம் பள்ளியாயினும், ஆங்கில ஆசிரியர் முதலில் நல்ல தமிழறிவு உடையவராக இருத்தல் வேண்டும். அவரை நியமிக்கும்போது அதனையும் சோதித்தல் வேண்டும். கொடுந்தமிழுக்கு இலத்தீனில் எழுந்ததுபோல, சிற்றூர்க் குழந்தைக்கென ஆங்கில இலக்கணம் ஒன்று எளிய பேச்சுத் தமிழில் எழுதப்படுதல் வேண்டும். கடைத்தெருவில் விற்கும் முப்பது நாள் ஆங்கில நூல்கள் வேலை தேடும் வளர்ந்தோர்க்குரியவை. அவை இதற்கு ஈடாகா. அந்நூலைக் கத்தோலிக்க ஆசிரியர் ஒருவர் எழுதினால் நம் அச்சகத்தில் அச்சிடலாம், தரங்கம்பாடியார் செய்ததுபோல.