எஞ்சினை மாற்றினால் கார் மாறுமா?

ஒரு நூலை விமர்சிக்கிறோம். ஒரு நாடகத்தை விமர்சிக்கிறோம். ஒரு பொறியியல் செயலையும் அவ்வாறே எடைபோட்டுப் பார்க்கலாம். அது எதைச் செய்ய முற்பட்டது, எதைச் செய்து முடித்தது, எதைக் கவனிக்க மறந்தது என்று கேட்டாலே போதும். நம் ஊர்ப் பட்டறைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு செயலை இந்தக் கட்டுரையில் அப்படிப் பரிசீலிப்போம். பழைய காரின் எஞ்சினை இறக்கிவிட்டு வேறு வகை எஞ்சினைப் பொருத்தி, அந்தக் காரை அன்றாட ஓட்டத்திற்குப் பயன்படுத்துவதுதான் அது.

"எஞ்சின்தான் காரின் இதயம். இதயத்தை மாற்றினால் கிழக் காரும் குமரியாகிவிடும்" என்று சொல்பவர்களை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். உவமை அழகானது. ஆனால் மாற்று இதயம் பொருத்தும் மருத்துவர், வருகிற இதயம் அந்த உடலின் அளவுக்கும் இரத்த வகைக்கும் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்கிறார். பட்டறையில் பல சமயம் பார்க்கப்படுவது ஒன்றே ஒன்றுதான்: பானெட்டுக்குள் எஞ்சின் அடங்குமா?

அம்பாசடர் தரும் பாடம்

இந்தச் செயலை ஆராய அம்பாசடரைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கிய இதன் உற்பத்தி 2014 வரை நடந்தது. உடலமைப்பு பெரிதாக மாறவில்லை. எஞ்சின்தான் மாறிக்கொண்டே வந்தது. முதலில் 1476 கன செ.மீ. பக்கவால்வு எஞ்சின், சில ஆண்டுகளிலேயே 1489 கன செ.மீ. மேல்வால்வு எஞ்சின், 1980-ஐ ஒட்டி அதே 1489 கன செ.மீ. அளவில் டீசல் எஞ்சின். 1992-இல் ஜப்பானிய இசுசு வடிவமைப்பில் 1817 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின். ஆக, எஞ்சின் மாற்றத்தைத் தொழிற்சாலையே பலமுறை செய்திருக்கிறது.

தொழிற்சாலைக்கு வெளியேயும் இது நடந்தது. 1973-இல் உலக எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியபோது, வாடகைக் கார் வைத்திருந்தவர்களின் பார்வை டீசலின்மேல் விழுந்தது. நம் நாட்டில் டீசல் விலை அரசாங்கக் கொள்கையால் பெட்ரோலைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் உரிமத்தில் டீசல் எஞ்சின்களைத் தயாரித்து வந்தது. வேன்களிலும் டிராக்டர்களிலும் ஓடிய எஞ்சின்கள் பழைய பெட்ரோல் கார்களுக்குள் குடியேறின. எஞ்சினைத் தாங்கும் கட்டைகளைக் கடைசலில் செய்து, கியர் பெட்டியோடு இணைக்கும் தட்டைக் கையால் அறுத்து அளவெடுத்துப் பொருத்திய மெக்கானிக்குகளின் திறமை சாதாரணமானதன்று. என் விமர்சனம் அந்தக் கைத்திறனைப் பற்றியதன்று. அதற்குப் பின்னாலிருக்கும் கணக்கைப் பற்றியது.

எவ்வளவு குதிரைத்திறன் தேவை?

முதலில் ஒரு சிறு கணக்கு. பென்சிலை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

காரின் எடை 1150 கிலோ என்று கொள்வோம். சமதளச் சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சீராக ஓடும்போது எஞ்சின் இரண்டு தடைகளை மட்டும் வெல்ல வேண்டும். டயர் உருள்வதில் ஏற்படும் தடை எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றரைப் பங்கு. அதாவது 170 நியூட்டன். இத்தகைய உருண்டை வடிவக் காருக்குக் காற்றுத் தடையும் ஏறத்தாழ 175 நியூட்டன் வரும். இரண்டும் சேர்ந்து 345. நொடிக்கு 16.7 மீட்டர் வேகத்தால் இதைப் பெருக்கினால் 5.8 கிலோவாட், குதிரைத்திறனில் எட்டுக்கும் குறைவு.

வியப்பாக இருக்கிறதல்லவா? மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை மட்டும் இரண்டேகால் மடங்காகிறது. அப்போதும் தேவை 19 குதிரைத்திறன்தான். ஐந்து பேரும் சாமான்களுமாக 1550 கிலோ எடையோடு, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மலைச்சாலையில் 36 கி.மீ. வேகத்தில் ஏறினால் 24 அல்லது 25 குதிரைத்திறன் வேண்டும்.

அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் சுமார் 50 குதிரைத்திறன் கொண்டது. டீசல் எஞ்சின் 37. ஆகவே 37 குதிரைத்திறனுள்ள காரும் அன்றாட வேலையைச் செய்துவிடும் என்று கணக்கு சொல்கிறது. டாக்சி ஓட்டுநர்கள் அனுபவத்தில் கண்டதும் இதுவே. குறைந்தது எங்கே என்றால், வேகம் கூட்டுவதில்தான். லாரியை முந்திச் செல்ல ஓட்டுநருக்கு நீண்ட இடைவெளி தேவைப்பட்டது. அதைத் தெரிந்து ஓட்டியவர்கள் பிழைத்தார்கள்.

எனவே, "பழைய எஞ்சின் இழுக்கவில்லை, பெரியதாகப் போட வேண்டும்" என்று உங்களுக்குத் தோன்றினால் ஒரு நிமிடம் நில்லுங்கள். இழுக்காததற்குக் காரணம் எஞ்சினின் அளவா, அல்லது தேய்ந்த பிஸ்டன் வளையமும் கசியும் வால்வுமா? இரண்டாவதுதான் என்றால், அதே எஞ்சினைப் பிரித்துச் செம்மை செய்வதே போதுமானது.

எஞ்சினோடு கூட வருபவை

எஞ்சின் தனியாக வருவதில்லை. அதன் வெப்பமும், எடையும், அதிர்வும், சுழற்சி வேகமும் கூடவே வருகின்றன.

வெப்பத்தைப் பாருங்கள். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. மற்றொரு பங்கை ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டும். ஆகவே 37 குதிரைத்திறனுக்கு அமைந்த ரேடியேட்டரின் முன் 75 குதிரைத்திறன் எஞ்சினை நிறுத்தினால், முழு உழைப்பின்போது அதன் சுமை இரட்டிப்பாகிறது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று உதவும். நகரச் சிக்னலில் விசிறி ஒன்றே துணை.

அடுத்து எடை. டீசல் எஞ்சினில் காற்று 20 மடங்குக்கு மேல் அழுத்தப்படுகிறது. பழைய பெட்ரோல் எஞ்சினில் 7 அல்லது 8 மடங்குதான். அந்த அழுத்தத்தைத் தாங்க டீசலின் வார்ப்பு கனமாக இருக்க வேண்டும். கூடுதல் எடை பெரும்பாலும் முன் அச்சின்மேல் இறங்குகிறது. அம்பாசடரின் முன் சக்கரங்களைத் தாங்குவது முறுக்குக் கம்பிகள். எடை கூடியதும் கார் மூக்கைத் தாழ்த்துகிறது, ஸ்டியரிங் கனக்கிறது, முன் டயர் ஓரத்தில் தேய்கிறது.

அதிர்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 750 சுற்றில் நின்றபடி ஓடும்போது, நொடிக்கு 25 முறை எரிதுடிப்பு நிகழ்கிறது. காரின் தகடுகளுக்கோ கண்ணாடிக்கோ இயல்பதிர்வு எண் இதற்கருகில் இருந்தால் ஒத்ததிர்வு ஏற்படும். சிக்னலில் நிற்கும்போது பின்பார்க்கும் கண்ணாடியில் உலகமே நடுங்குவது இதனால்தான்.

சுழற்சி வேகத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 60 கி.மீ. என்பது நிமிடத்திற்கு 1000 மீட்டர். சக்கரம் 500 முறை சுற்றும். பின் அச்சின் பல்விகிதம் 4.5 என்றால், மேல் கியரில் எஞ்சின் 2250 சுற்றுச் சுற்றும். 90 கி.மீ. வேகத்தில் 3375. பெட்ரோல் எஞ்சினுக்கு இது நிதானமான ஓட்டம். நிமிடத்திற்கு 3000 சுற்றே உகந்ததெனப் படைக்கப்பட்ட வேன் எஞ்சினுக்கோ இது மூச்சு வாங்கும் ஓட்டம். பல்விகிதத்தை மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றியவர்கள் இரைச்சலையும் தேய்மானத்தையும் கூலியாகப் பெற்றார்கள்.

இந்த அளவுகோலால் பார்த்தால் 1992-ஆம் ஆண்டு மாற்றமே பாராட்டுக்குரியது. 75 குதிரைத்திறன் எஞ்சினோடு, ஸ்டியரிங் தண்டில் இருந்த நான்கு கியர் அமைப்பை நீக்கி, தரையில் ஐந்து கியர் பெட்டியையும் கொடுத்தார்கள். எஞ்சினும் கியரும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஆனால் அதற்குக் கீழே இருந்த தாங்கமைப்பு 1950-களின் படைப்பே என்பதையும் மறக்கக் கூடாது.

நிற்க முடியுமா?

ஓடுவதைப் பற்றிப் பேசினோம். நிற்பதைப் பற்றிப் பேசாத எஞ்சின் மாற்றம் பாதிக் கணக்கு.

இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். 1150 கிலோ கார் 60 கி.மீ. வேகத்தில் 1,60,000 ஜூல் ஆற்றல் கொண்டிருக்கிறது, 90 கி.மீ. வேகத்தில் 3,60,000 ஜூல். பிரேக் இந்த ஆற்றலை முழுவதும் வெப்பமாக மாற்ற வேண்டும். பலமான எஞ்சின் உங்களை 90-க்குக் கொண்டு செல்லும். பழைய உருளைப் பிரேக் 60-க்கு ஏற்றபடியே இருக்கும்.

மலைச்சாலையில் நிலைமை இன்னும் கடுமை. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1900 மீட்டர் தாழ்வில் இருக்கிறது. 1550 கிலோ எடையுள்ள கார் இறங்கி வரும்போது 2 கோடியே 90 லட்சம் ஜூல் நிலை ஆற்றலை இழக்க வேண்டும். சுமார் நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் இது! உருளல் தடையும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மற்றது எஞ்சின் பிடிப்புக்கும் பிரேக்குக்கும். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வழி அடைபட்டு எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்துகிறது. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அந்த அடைப்பு இல்லாததால் பிடிப்பும் குறைவு.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பிற்காலக் கார்களில் பிரேக்கை மிதிக்க வெற்றிடத்தின் உதவி இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் உள்ளிழுக்கும் குழாயிலேயே அந்த வெற்றிடம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது. தனி வெற்றிடப் பம்பு வேண்டும். பம்பு வைக்காமல் எஞ்சினை மாற்றினால், முதல் சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். குடும்பத்தோடு போகிற காரில் இந்த ஒன்றை விட்டுவிடுவதற்கு மன்னிப்பே கிடையாது.

லாபம் யாருக்கு?

பெட்ரோலில் லிட்டருக்கு 10 கி.மீ., டீசலில் 14 கி.மீ. என்று கணக்கிற்காகக் கொள்வோம். இரண்டுக்கும் விலை சமம் என்றும், மாற்றும் செலவு 2000 லிட்டர் எரிபொருளின் விலை என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 45,000 கி.மீ. ஓடும் டாக்சி, 4500 லிட்டருக்குப் பதில் சுமார் 3200 லிட்டரில் ஓடிவிடுகிறது. போட்ட பணம் 19 மாதத்தில் திரும்புகிறது. நாளுக்கு 20 கி.மீ. அலுவலகம் போய்வரும் உங்களுக்கோ ஆண்டுக்கு மிச்சம் 209 லிட்டர்தான். பணம் திரும்ப ஒன்பதரை ஆண்டுகள் ஆகும்.

அன்றைய டாக்சிக்காரர் செய்தது அறிவான காரியம். அதைப் பார்த்து வீட்டுக் காருக்கும் செய்துகொண்டவருக்கு அதே லாபம் கிடைக்கவில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீங்கிவிட்டது. விலை வித்தியாசம் குறைந்து, அந்தப் பழைய நியாயமும் மெலிந்துவிட்டது.

சட்டமும் மின்சாரமும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், பிறகுதான் பட்டறை. ஆர்.சி.யில் ஒரு எஞ்சின் எண்ணும் காரில் வேறொன்றும் இருந்தால், விபத்து நேரும் நாளில் காப்பீட்டுப் பணத்திற்கே சிக்கல் வரலாம்.

இன்று பேசப்படுவது மின்மோட்டார் மாற்றம். நமது கணக்குப்படி 60 கி.மீ. வேகத்தில் கிலோமீட்டருக்கு 0.1 யூனிட் மின்சாரம் போதும்; இழப்புகளைச் சேர்த்து 0.15 என்று கொள்வோம். 20 யூனிட் மின்கலம் 130 கி.மீ. வரை கொண்டு செல்லும். அன்றாட நகர ஓட்டத்திற்கு இது தாராளம். சிக்னலில் நிற்கும்போது அதிர்வும் இல்லை, வெப்பமும் இல்லை. அறிவியல் அளவில் இதுவே நல்ல மாற்றம் என்பது என் கருத்து. எனினும் அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுதியாக இருக்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட மின்கலம் எந்த அச்சின்மேல் அமர்கிறது, விபத்தில் அதற்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விகள் இங்கும் உண்டு.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். ரேடியேட்டர் போதுமா? முன் அச்சில் எத்தனை கிலோ கூடும்? பல்விகிதம் என்ன? பிரேக்குக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? ஆர்.சி.யில் ஏறுமா? ஐந்துக்கும் எண்களோடு பதில் சொல்பவரிடம் காரை நம்பி விடலாம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்பவரிடம், பழைய எஞ்சினையே நன்றாகச் செம்மை செய்து தரச் சொல்லுங்கள். அந்த வேலையை அவர் நிச்சயம் நன்றாகச் செய்வார்.