கைவசம் இருக்கும் ஆசிரியர்

லண்டனில் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் பல இடங்களில் காலை எட்டு மணிக்கே தொலைபேசியைக் கையில் எடுத்துவிட வேண்டும். எட்டரைக்கு எடுத்தால் அன்றைய இடங்கள் தீர்ந்திருக்கும். முல்லைத்தீவிலிருந்து வந்து மகளோடு இருக்கும் அறுபது வயது அம்மா ஒருவருக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் உருப்படியான பாடம் இந்த அழைப்புதான். மருத்துவர் தமிழர். தொலைபேசியை எடுப்பவர் தமிழர் இல்லை, அதுதான் சிக்கல்.

அவர் ஹோலில், நான் சமையலறையில், இரண்டு பேர் காதிலும் கைபேசி. நான் வரவேற்பாளராகி, வேகமாக "டேட் ஒஃப் பேர்த்?" என்றேன். பதில் இல்லை. கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார். "வட் இஸ் யுவர் டேட் ஒஃப் பேர்த் எண்டெல்லோ தம்பி சொல்லித் தந்தனீங்கள்?" நியாயமான கேள்வி. புத்தகத்தில் முழு வாக்கியம் இருக்கிறது. காலை எட்டு மணி வரவேற்பாளரோ முழு வாக்கியம் பேசுவதில்லை. ஆறாவது தடவை நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

புலம்பெயர்ந்தவர்களுக்கும் அகதிகளுக்கும் தன்னார்வலர்கள் ஆங்கிலம் கற்பிக்கும் ஏற்பாட்டின் பலம் முழுவதையும் அந்தச் சமையலறையில் பார்த்துவிடலாம். பிழை விட்டால் சிரிக்க அங்கே வேறு ஆளில்லை. நாளை காலை எது தேவையோ அதுதான் பாடத்திட்டம். பதினைந்து பேர் இருக்கும் கல்லூரி வகுப்பில் ஒருவருடைய மூட்டுவலிக்காக ஒரு மணி நேரம் ஒதுக்க எந்த ஆசிரியராலும் முடியாது.

இங்கிலாந்தில் இது பழைய வழக்கம். 1970களில், தெற்காசியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பெண்கள் பலர் வகுப்புக்கு வர முடியாத நிலையில், தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய்க் கற்பிக்கும் திட்டங்கள் பல நகரங்களில் நடந்தன. தெற்காசியப் பெண்களை ஆங்கிலம் படிக்கத் தூண்டுவதற்கென்றே 1977இல் பிபிசி ஒரு தொலைக்காட்சித் தொடரை ஒளிபரப்பியது. பெயர் 'பரோசி'. இந்தி, உருதுவில் அண்டை வீட்டுக்காரர் என்று பொருள். அண்டை வீட்டுக்காரராக இருந்தால் போதும், ஆசிரியராகிவிடலாம் என்ற நம்பிக்கை அந்தக் காலத்துக்குப் பிறகும் இந்தத் துறையை விட்டுப் போகவில்லை. எனக்கு உறுத்தலாக இருப்பது இந்த நம்பிக்கைதான்.

வகுப்புக்கு வர முடியாதவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கைக்குழந்தைக்காரி, முதியவர், நோயாளி, போரில் மனம் குலைந்து கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்குபவர், பிறந்ததிலிருந்து பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். கற்பிக்க மிகவும் கடினமானவர்கள் இவர்கள். தன்னார்வலரிடம் வந்து சேர்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. பல்கலைக்கழகம் முடித்த சிரியப் பொறியியலாளருக்குப் பயிற்சி பெற்ற கல்லூரி ஆசிரியர் கிடைப்பார். காய்ச்சலுக்கு நிபுணர், மூளைக்கட்டிக்கு முதலுதவி படித்தவர் என்று ஒரு மருத்துவமனை நடந்தால் ஊர் சும்மா இருக்குமா?

எனக்குக் கிடைத்த பயிற்சி இரண்டு சனிக்கிழமைகள். பிறமொழியாளருக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான தொடக்கநிலைச் சான்றிதழான 'செல்டா'வுக்கே 120 மணி நேரப் படிப்பும், மேற்பார்வையில் ஆறு மணி நேரக் கற்பித்தலும் வேண்டும். தாய்மொழியிலேயே எழுத்தறியாதவருக்கு எழுத்தறிவிப்பது அதற்கும் மேலே உள்ள வேலை. அது தெரியாமல்தான் ஓர் ஆப்கானியரை ஏற்றுக்கொண்டேன். ஊரில் ஆடு மேய்த்தவர். 'மை நேம் இஸ்' என்று நான் பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதினார். எழுதினார் என்பதைவிட வரைந்தார் என்பதே சரி. ஒவ்வொரு எழுத்தும் சித்திரம்போல இருக்கும், ஆனால் சொற்களுக்கிடையே இடைவெளி இராது. வரி முழுவதும் ஒரே சங்கிலி. "ஸ்பேஸ், ஸ்பேஸ்" என்று ஆறு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் தலையாட்டிவிட்டு இன்னொரு சங்கிலி வரைவார்.

பேச்சில் இடைவெளி கிடையாது. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது எழுத்துத் தெரிந்தவனுக்குத்தான் கண்ணில் படும். நாலு வயதில் படிக்கத் தொடங்கிய எனக்கு, எப்படிப் படிக்கக் கற்றேன் என்பதே மறந்துபோயிருந்தது. பிறகு ஓர் அனுபவமுள்ள ஆசிரியையிடம் அந்த ஆப்கானியரின் சங்கிலியைப் பற்றிச் சொன்னபோது, "அவர் வாயால் சொன்ன வாக்கியத்தை நீங்கள் எழுதி, கத்தரிக்கோலால் சொல் சொல்லாக வெட்டி, அவரையே அடுக்கச் சொல்லிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். பழைய உத்தியாம். நான் கேள்விப்பட்டதே இல்லை. அதற்குள் அந்த ஆப்கானியரை வேறு நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அரசு தங்கவைக்கும் அகதி விண்ணப்பதாரர் எந்த ஊரில் இருப்பது என்பதை அரசே முடிவு செய்யும் முறை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அந்த ஆறு வாரத்தை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

பயிற்சியில் அழுத்திச் சொன்ன இன்னொன்று, வகுப்பில் ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும் என்பது. 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த ஆங்கிலம் கற்பித்தல் மாநாடு இந்த விதிக்கு அங்கீகாரம் கொடுத்ததாக மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இல் எழுதினார். அதை ஒரு பொய்ந்நம்பிக்கை என்றும் சொன்னார். கல்வி ஆய்வாளர் எல்சா அவர்பாக் அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் குடியேறிய பெரியவர்களின் வகுப்புகளை வைத்து இதே விதியைக் கேள்விக்குள்ளாக்கினார். நானோ அந்த அம்மாவுக்கு 'பிரிஸ்கிரிப்ஷன்' என்றால் என்ன என்று கையையும் காலையும் ஆட்டி இருபது நிமிடம் விளக்கிவிட்டு, கடைசியில் தோற்று "மருந்துத் துண்டு" என்றேன். "இதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். மறுபக்கமும் உண்டு. தமிழ் வாயைத் திறந்துவிட்டால் ஊர்ப் புதினத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். ஆங்கிலம் ஒரு சொல் நகராது. கடிகாரம் பார்த்துத் தமிழ் பேச எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அரசின் கணக்குக்கு வருவோம். 2007 வரை இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புகள் பரவலாக இலவசமாக நடந்தன. அந்த ஆண்டு அந்த உரிமை சுருக்கப்பட்டது. 2010க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் நிதியும் பாதிக்கும் கீழே போயிற்று. அகதி விண்ணப்பம் கொடுத்தவர், ஆறு மாதம் முடிவு வராமல் காத்திருந்த பிறகுதான் பொது விதிப்படி அரசுப் பணத்தில் படிக்கலாம். அதே அரசு குடியுரிமைக்கு ஆங்கிலமும் கேட்கிறது. இடைவெளியைத் தன்னார்வலர் நிரப்புகிறார். நிரப்ப ஆளிருப்பதால் இடைவெளி யார் கண்ணையும் குத்துவதில்லை.

இலவசம் என்ற சொல்லையும் கொஞ்சம் கீறிப் பார்க்க வேண்டும். 2024இல், சொந்தமாகச் சமைத்துக்கொள்ளும் அகதி விண்ணப்பதாரருக்கு அரசு கொடுத்த வாரப்படி 49.18 பவுண்டு. லண்டன் பஸ் அப்போது ஒரு தடவைக்கு 1.75. வாரம் இரண்டு வகுப்புக்குப் போய்வந்தால் ஏழு பவுண்டு, வாரப்படியில் ஏழில் ஒரு பங்கு.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் பழமொழி. மாணவர்கள் அப்படியே நடந்துகொள்கிறார்கள். நான் இரண்டு வாரம் தொடர்ந்து வகுப்பைத் தள்ளிவைத்தபோது, மூன்றாவது வாரம் அந்த அம்மா தன் பக்கம்தான் ஏதோ பிழைபோல வடை சுட்டு வைத்திருந்தார். காசு கொடுத்துப் படிப்பவர் என்றால் முறைப்பாடு எழுதியிருப்பார். குறை சொல்ல முடியாத மாணவரிடம் ஆசிரியன் எப்படித் திருந்துவான்?

தன்னார்வலரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கற்பித்தவர்கள் ஊதியம் வாங்காத ஊர்க்காரர்கள். அங்கே மாவட்ட நிர்வாகம் பின்னால் நின்றது. அதற்கென்று பாடநூல் இருந்தது. பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பேசிக்கொண்டிருந்த மொழிக்கே எழுத்துக் கொடுத்தது பெரிய வசதி. இங்கே நான் ஒரு நகலெடுத்த இலக்கணத் தாளோடு பஸ் ஏறிப் போகிறேன்.

எழுத்தறியாதவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் போகட்டும், தொலைபேசிப் பயிற்சியும் பேச்சுப் பழக்கமும் எங்களிடம் வரட்டும் என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார், ஒத்துக்கொண்டார். கல்லூரியில் அந்த வகுப்புக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம் என்றார். போன செவ்வாய்க்கிழமை புது மாணவர் ஒருவருடைய படிவம் எனக்கு வந்தது. தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்ற கட்டத்தில் யாரோ அவருக்காகச் சரி போட்டிருந்தார்கள். கத்தரிக்கோல் வாங்கி வைத்திருக்கிறேன்.