அடிப்படை உரிமை கற்பித்தல்: ஒரு திறனாய்வு

நம் பாடசாலைகளிலே குடியியல் கற்பிக்கப்படும் முறைபற்றிச் சில கூற வேண்டியுள்ளது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தன் மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகளை வகுத்துரைக்கின்றது. சிந்தனைச் சுதந்திரம், சித்திரவதையினின்று விடுதலை, சமத்துவம், பேச்சுச் சுதந்திரம் என இவற்றை வரிசைப்படுத்தி மனனஞ் செய்வித்து, பரீட்சையிலே ஐந்தினை எழுதுக என வினாவிப் புள்ளியிடுவதோடு பெரும்பாலும் பாடம் முடிந்துவிடுகின்றது. நன்னூற் சூத்திரத்தை நெட்டுருப்பண்ணிய மாணவன் அதன் பயனைப் பிற்காலத்திலேனும் அறிவான். உரிமைப் பட்டியலை நெட்டுருப்பண்ணியவனுக்கு அவ்வாய்ப்பும் அரிது. உரிமை மீறப்பட்டபின் அவனுக்குள்ள தவணை ஒரு மாதமே.

இத்தவணை 126ஆம் உறுப்புரையில் உள்ளது. அரசின் நிறைவேற்றுத்துறையோ நிருவாகத்துறையோ ஒருவரது அடிப்படை உரிமையை மீறின், அவர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நேரே நாடலாம். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடின், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிற் சேராது என்பது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். கொழும்பு செல்ல வகையற்றார்க்கு இஃது இன்றியமையாத செய்தி. உரிமைகளைக் கற்பித்து 126ஆம் உறுப்புரையை விட்டுவிடுதல், மருந்தின் பெயரைச் சொல்லி மருத்துவன் வீட்டைச் சொல்லாமை போலாகும்.

பரிகாரம் தெளிவுறாத உரிமை என்னாகும் என்பதற்கு நம் வரலாறே சான்று. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்மீது மட்டும் தடை விதிக்குஞ் சட்டத்தை விலக்கியது. சிங்களத் தேர்ச்சி பெறாமையாற் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் அப்பிரிவைத் துணைக்கொண்டு வழக்கிட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிட இயலாதென்று அதனை மாற்றியது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் வழக்கிடலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலவினாத் தீராதிருக்கவே, 1972இல் வந்த புதிய அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லாதொழிந்தது. இவ்வொரு வழக்கினை இரண்டு பாடவேளை விரித்துரைத்தால் மாணவர் பெறும் தெளிவு, பட்டியல் முழுவதையும் ஒப்பித்தாலும் வாராது.

விலக்குகளையும் சொல்லல் வேண்டும். முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைக்கு முரணாயினும் செல்லும் என்பது 16ஆம் உறுப்புரை. தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டுமென 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் விதித்தது. சமத்துவம் பேசும் 12ஆம் உறுப்புரை வந்தபின்னும் அவ்விதியை 16ஆம் உறுப்புரை காத்தது. தாயின் காணி உறுதியிலே தந்தையின் கையொப்பம் ஏன் என்று வினவும் மாணவிக்கு ஆசிரியர் விடை கூற வேண்டாமா?

ஆசிரியர் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை மறைத்துப் பயனில்லை. 11ஆம் உறுப்புரை கொடூரமான, இழிவான நடத்துகையை விலக்குகின்றது. 15ஆம் உறுப்புரையின் மட்டுப்பாடுகளும் அதனைத் தொடா. ஆசிரியர் அறைந்தமையாற் செவி ஊறுபட்ட மாணவன் ஒருவனின் மனுவிலே, அவ்வுறுப்புரை மீறப்பட்டதென 2021இல் உயர் நீதிமன்றம் தீர்த்து நட்டஈடும் விதித்தது. பிரம்பை மேசைமீது வைத்துக்கொண்டு இதனைக் கற்பிப்பது எங்ஙனம்? கண்டிப்புக் குன்றும் என அஞ்சுவார் அஞ்சுக. அத்தீர்ப்பையே உயர்வகுப்பு மாணவர் கையிற் கொடுத்து, இருபக்க வாதங்களையும் ஆராய்விப்பது அவ்வச்சத்தினும் நன்று.

பரீட்சை வினாவும் மாறுதல் வேண்டும். ஐந்து உரிமைகளை எழுதுக என்பதற்குப் பதிலாக இங்ஙனம் வினாவலாம்: ஒருவர் ஏப்பிரல் 3ஆந் திகதி காரணங் கூறப்படாது கைதுசெய்யப்பட்டு மறுநாள் விடுவிக்கப்பட்டார். ஆணைக்குழுவை அவர் அணுகவில்லை. மே 20ஆந் திகதி உயர் நீதிமன்றத்தில் மனுச்செய்தார். மனு காலத்துக்குட்பட்டதா? காரணங் காட்டுக.